வீட்டு கேக் தொழில்: அடுப்படியே போதுமா, தனி அறை வேண்டுமா, வெளியே இடம் பிடிக்கணுமா?

பிறந்தநாள் கேக், பிரவுனி, குக்கீஸ் என்று வீட்டில் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தவர்கள் கொஞ்ச நாளில் ஒரே முடிச்சில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஆர்டர் கூடுகிறது. "லைசென்ஸ் இருக்கா?" என்று யாரோ கேட்கிறார்கள். பக்கத்துத் தெரு கஃபேக்காரர் வாரம் இரண்டு டிரே பிரவுனி கேட்கிறார். "ஃப்ரிட்ஜில் மாவு வைக்கக்கூட இடமில்லையே" என்று வீட்டில் அத்தை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். இப்படியே அடுப்படியில் தொடர்வதா, மாடி அறையை இதற்கென்று ஒதுக்குவதா, வெளியே சின்னதாக இடம் பார்ப்பதா?

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காக இந்த மூன்றையும் இங்கே எடைபோட்டிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு விற்கிறீர்கள் என்பதைவிட, கேக் உங்கள் வாசலைத் தாண்டி யார் கைக்குப் போகிறது என்பதுதான் எந்த இடம், எந்த அனுமதி என்பதை முடிவு செய்கிறது. பலரும் முதலில் இடத்தைப் பிடித்துவிட்டு, அப்புறம் வாடிக்கையாளரைத் தேடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

## எந்த வழியானாலும் பதிவு உண்டு

நான்காவதாக ஒரு வழியையும் பலர் மனதில் வைத்திருக்கிறார்கள்: எதுவுமே எடுக்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலேயே ஓட்டுவது. அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் லாபத்துக்குச் செய்தாலும் லாபமில்லாமல் செய்தாலும் அதை உணவுத் தொழில் என்றே பார்க்கிறது. அதன் 31-வது பிரிவு உணவுத் தொழில் செய்யும் எல்லோரும் உரிமம் எடுக்கச் சொல்கிறது. தானே செய்து விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. அவர் பதிவு செய்துகொண்டால் போதும். "நான் சின்ன ஆள், எனக்கு விலக்கு" என்று சொல்பவர்கள் இந்தப் பின்பாதியைப் படிப்பதில்லை.

யார் சிறு உற்பத்தியாளர் என்பதற்கு 2011-ல் வந்த விதிமுறைகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள், உற்பத்தி நாளொன்றுக்கு 100 கிலோவுக்குள் என்று வரம்பு வைத்தன. பதிவுக் கட்டணமாக ஆண்டுக்கு 100 ரூபாய் வைத்தன. வரம்பும் கட்டணமும் திருத்தத்துக்கு உட்பட்டவை. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) ஃபாஸ்கோஸ் என்ற பதிவுத் தளத்தில் என்ன காட்டுகிறதோ அதுவே கணக்கு. ஆனால் அந்த 12 லட்சத்தையே வைத்துப் பார்த்தாலும் மாதம் ஒரு லட்ச ரூபாய் விற்பனை வருகிறது. கிலோ ஆயிரம் ரூபாய் என்றால் மாதம் 100 கிலோ, அதாவது லீவே இல்லாமல் தினமும் மூன்று கிலோவுக்கு மேல். ஒரே ஓடிஜியை (வீட்டு மின் ஓவனை) வைத்துக்கொண்டு வேலை செய்யும் யாரும் இந்த எல்லையில் போய் முட்டுவது அபூர்வம். அதனால்தான் விற்பனைத் தொகையைப் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள் என்கிறேன்.

விண்ணப்பம் எளிதுதான். படிவம் ஏ, புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று. நீங்களே செய்து விற்கிறீர்கள் என்றால் சில்லறை விற்பனை என்று போடாமல் உற்பத்தி என்று போடுங்கள். பேக்கரிப் பொருட்கள் உணவு வகைப் பட்டியலில் 7-வது பிரிவு. விண்ணப்பம் கிடைத்த 7 நாளுக்குள் பதிவைத் தரலாம், காரணம் எழுதி மறுக்கலாம், அல்லது ஆய்வுக்கு வருவதாக நோட்டீஸ் தரலாம். ஆய்வு என்றால் 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கிடைப்பது 14 இலக்க எண். பதிவு என்றால் 2-ல் தொடங்கும், உரிமம் என்றால் 1-ல் தொடங்கும். 2022 ஜனவரி 1 முதல் இந்த எண்ணை பில்லிலும் போட வேண்டும். கையால் எழுதிக் கொடுக்கும் பில்லும் அதில் அடக்கம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

மூன்று வழிகளுக்கும் ஒரே அளவுகோலை வைத்தால்தான் நியாயமாக இருக்கும். நான் பார்ப்பது இவற்றை.

கேக் யாருக்குப் போகிறது. நேரே சாப்பிடுபவருக்கா, அவருக்கு விற்கும் கடைக்கா, டெலிவரி ஆப்புக்கா, கூரியரில் வெளியூருக்கா.

என்ன செய்கிறீர்கள். டீ கேக், குக்கீஸ், ரஸ்க் போன்றவை வெளியிலேயே தாங்கும். கிரீம் கேக், மூஸ், சீஸ் கேக் எல்லாம் குளிரை நம்பியே உயிர் வாழ்பவை. வேகாத முட்டை சேரும் பண்டம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு ஓராண்டு தடை விதித்ததை மறந்துவிடாதீர்கள்.

இடம் யாருடையது. சொந்த வீடா, வாடகையா, சங்கம் இருக்கும் அடுக்குமாடியா.

கரண்டும் கேஸும். இதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. கீழே விரிவாக வருகிறது.

ஆர்டர் இல்லாத மாதத்திலும் போகும் பணம். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. வாடகைக்கு ஆடி தெரியாது.

பின்வாங்கும் செலவு. ஆறு மாதத்தில் "வேண்டாம்" என்று தோன்றினால் எவ்வளவு கைவிட்டுப் போகும்.

| | வீட்டு அடுப்படி | வீட்டோடு தனி அறை | வெளியே வாடகை இடம் |
|---|---|---|---|
| யாருக்கு விற்கத் தோது | தெரிந்தவர், நேரடி ஆர்டர் | நேரடி ஆர்டர், கடை, கஃபே | எல்லாருக்கும் |
| உணவுப் பாதுகாப்பு | பதிவு | பதிவு. வரம்பு தாண்டினால் உரிமம் | பதிவு அல்லது உரிமம், அந்த முகவரிக்கே தனியாக |
| உள்ளாட்சித் தொழில் உரிமம் | அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும் | பெரும்பாலும் கேட்பார்கள் | கட்டாயம் |
| மின் இணைப்பு | வீட்டு இணைப்பு, அதில்தான் சிக்கல் | தனி மீட்டர் | வணிக இணைப்பு |
| சும்மா இருந்தாலும் போகும் பணம் | ஏறக்குறைய இல்லை | குறைவு | அதிகம் |
| பின்வாங்கும் செலவு | இல்லை | அறையை மாற்றிக் கட்டிய செலவு | அட்வான்ஸ், உள்வேலை, ஒப்பந்தக் காலம் |

## வழி ஒன்று: வீட்டு அடுப்படியிலேயே

தொடங்குபவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. நாலு மாதம் செய்து பார்த்து, எந்தக் கேக் போகிறது, எது போகவில்லை என்று தெரிந்துகொள்ள ஒரு பைசா வாடகை தர வேண்டாம். பதிவு எண் கையில் இருந்தால் பள்ளிக்கூடமோ அலுவலகமோ ஆர்டர் தரும்போது தயக்கமில்லாமல் பில் தரலாம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அது இலவசம், தளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். வங்கியில் தொழிலின் பெயரில் கணக்குத் திறக்கும்போது கைகொடுக்கும்.

சுத்தத்துக்கான விதிகள் வீடு என்பதற்காகத் தளர்வதில்லை. விதிமுறைகளின் 4-வது அட்டவணை சிறு தொழிலுக்கும் உண்டு. குடிக்கத் தகுந்த தண்ணீர், மூடிய குப்பைத் தொட்டி, பூச்சி வராத சேமிப்பு, உடம்பு சரியில்லாதவர் உணவில் கை வைக்காமல் இருப்பது. இவையெல்லாம் சாதாரண வீட்டிலும் முடிகிற காரியங்கள்தான்.

முடியாமல் போவது வேறு இடத்தில். ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். மேல் தட்டில் நாளைக்குப் போக வேண்டிய வெண்ணிலா கேக், பாதி கிரீம் பூசிய நிலையில். கீழ்த் தட்டில் நேற்றைய மீன் குழம்பு, கதவில் இஞ்சி பூண்டு விழுது. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கிரீம் வாசனையை இழுத்துக்கொள்ளும். வாங்கியவர் என்ன குறை என்று வாயால் சொல்லமாட்டார். மறுபடி ஆர்டர் தரமாட்டார், அவ்வளவுதான். அதனால் இந்த வழியில் போகிறவர்கள் வேறெதையும் வாங்குவதற்கு முன்னால், சின்னதாக இருந்தாலும், கேக்குக்கென்று தனி ஃப்ரிட்ஜ் வாங்குங்கள் என்பேன். கிரீம் கேக் செய்யாதவர்களுக்கு இந்தச் செலவும் இல்லை.

இனி கரண்ட். 60 லிட்டர் அளவிலான ஓடிஜி 2000 வாட் வரை இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஸ்பாஞ்ச் உப்பி வரும் நேரத்தில் யாரோ கீஸரைப் போட, டிரிப் ஆகி, நடுவில் குழிவிழுந்த கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அனுபவிப்பது. ஓவனுக்குத் தனி லைன் இழுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆனால் சட்டப் பக்கம் ஒன்று இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் தரும் அந்த வீட்டு இணைப்பு குடும்பப் பயன்பாட்டுக்கானது. கொடுத்த நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்துவதாக அதிகாரி கண்டால், 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-வது பிரிவின்படி, பொருந்தும் கட்டணத்தைப்போல் இரு மடங்கு கணக்கிட்டுக் கேட்கலாம். வாரத்துக்கு இரண்டு கேக் செய்யும் வீட்டை யாரும் தேடி வரப்போவதில்லை என்று சொல்வார்கள். தினமும் ஆறு மணி நேரம் ஓவன் ஓடினால் மீட்டரே சொல்லிவிடும். மின் அலுவலகத்தில் உங்கள் வேலைக்கு எந்தக் கட்டண வகை பொருந்தும் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வீட்டுக்கும் வணிகத்துக்கும் நடுவில் குடிசைத் தொழில், குறுந்தொழில் என்று ஒரு வகையும் இருக்கிறது.

"சரி, கேஸ் ஓவன் வாங்கிக்கொள்கிறேன்" என்றால் அங்கேயும் அதே கதைதான். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும். தொழிலுக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் எடுக்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். "குடியிருக்க மட்டும்" என்ற வரி அநேகமாக இருக்கும். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம் வாங்கிவிடுவது நல்லது. அடுக்குமாடி என்றால் சங்கத்தின் விதிகளைப் பாருங்கள். அங்கே சண்டை வருவது கேக்கால் அல்ல. டெலிவரி வண்டிகள், லிஃப்டில் மாவு மூட்டை, கழிவுநீர்க் குழாயில் அடைக்கும் வெண்ணெய், இவற்றால்தான். பாத்திரம் கழுவும் முன் வெண்ணெயையும் கிரீமையும் தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டால் பாதிப் புகார் வராது.

இது யாருக்கு நல்லது: ஆர்டர் வந்தபின் செய்பவருக்கு. வாங்குபவர் வீட்டுக்கு வந்து வாங்கிப்போகும் அல்லது ஊருக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுக்கும் வியாபாரத்துக்கு. குழந்தைகள் சின்னவர்களாக இருப்பவர்களுக்கும், வேலையை விடாமல் வாரக் கடைசியில் மட்டும் செய்பவர்களுக்கும்.

## வழி இரண்டு: வீட்டோடு தனி அறை

மாடியில் ஓர் அறை, பின்பக்கம் சும்மா கிடக்கும் போர்ஷன், மூடிக் கட்டிய சிட் அவுட். இதுதான் என் மனதுக்கு மிகவும் பிடித்த வழி. இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள் என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

கடைக்காரருக்கோ கஃபேக்கோ கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து உங்கள் நிலைமை மாறிவிடுகிறது. ஆர்டருக்குச் செய்து கையில் கொடுத்த கேக்குக்கு நீங்களே சாட்சி. என்ன போட்டீர்கள், எப்போது செய்தீர்கள் என்று வாங்குபவர் உங்களையே கேட்கலாம். கடை அலமாரியில் உட்கார்ந்திருக்கும் பிரவுனிக்கு லேபிள்தான் வாய். யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால் அதிகாரி கடையிலிருந்து பில்லைப் பிடித்து உங்கள் வீட்டுக்கு வருவார். அப்போது அவர் பார்க்கப்போவது குடும்பம் புழங்கும் அடுப்படியையா, தரையும் சுவரும் கழுவிவிடத் தோதான, வலை போட்ட ஜன்னலும் தனி கை கழுவும் தொட்டியும் இருக்கும் அறையையா என்பது பெரிய வித்தியாசம்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேயும் உண்டு. தனி மீட்டருக்கு வைப்புத்தொகை, வயரிங். அறையைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதாகப் பதிவானால் அந்தப் பரப்புக்குச் சொத்து வரி குடியிருப்பு விகிதத்தில் இருக்காது. மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் தொழில் உரிமம் கேட்பார்கள். சொத்து வரி ரசீது, இடம் உங்களுடையது அல்ல என்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் எல்லாம் தயாராக இருக்கட்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து அறிக்கை வாங்கிவையுங்கள். பின்னால் உரிமத்துக்குப் போகும்போது அது எப்படியும் தேவைப்படும்.

வரவும் இருக்கிறது. வெளியே போய்வரும் நேரம் மிச்சம். குழந்தை தூங்கும்போது இரண்டாவது டிரேயைப் போட்டுவிட்டு வரலாம். ஒரு மாதம் ஆர்டர் இல்லாவிட்டால் கதவைச் சாத்திவைத்தால் போதும். உதவிக்கு ஒருவரை வைத்தால் அவர் உங்கள் குடும்பத்துக்கு நடுவில் வந்து நிற்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி விஷயம் காகிதத்தில் எங்கும் வராது. ஆனால் ஆள் வைக்கலாமா வேண்டாமா என்று தவிக்கும் பெண்கள் பலருக்கு இதுதான் உண்மையான தடை.

### லேபிளை ஒருமுறை எழுதிப் பாருங்கள்

கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் இது இல்லாமல் ஆகாது. ஆறு துண்டு பிரவுனிப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். மேலே பண்டத்தின் பெயர். அடுத்து சேர்மானங்கள், எடையில் எது அதிகமோ அது முதலில். சர்க்கரை அதிகம் என்றால் சர்க்கரைதான் முதலில் வர வேண்டும், சாக்லேட் என்று தொடங்க ஆசையாக இருந்தாலும். கோதுமை, பால், முட்டை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டை வகைகள் ஒவ்வாமை தருபவை என்பதால் அவற்றைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். நிகர எடை, பேட்ச் எண், செய்த தேதி, எதுவரை சாப்பிடலாம் என்ற தேதி, அதிகபட்ச விற்பனை விலை, உங்கள் பெயரும் முழு முகவரியும், எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரையும் எண்ணும், புகார் சொல்ல ஒரு போன் எண்.

இரண்டு இடத்தில் நம்மவர்கள் வழுக்குகிறார்கள். முதலாவது, முட்டை. முட்டை சேர்ந்த கேக் சட்டப்படி அசைவம். பச்சைப் புள்ளி போடக் கூடாது. சதுரத்துக்குள் பழுப்பு நிற முக்கோணம்தான் போட வேண்டும். முட்டை மட்டுமே அசைவம் என்று கூடவே எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது, மொழி. லேபிளில் இருக்க வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. தமிழைக் கூடுதலாகப் போடலாம், தமிழில் மட்டும் போட்டால் செல்லாது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் வாங்கும் கடையில் இந்த விதி எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதனாலேயே இரண்டு மொழியிலும் போடுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வாமை இருக்கும் குழந்தையின் அம்மா எந்த மொழி படிப்பார் என்று உங்களுக்குத் தெரியாது.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. கேக்கில் செயற்கை நிறம் அனுமதிக்கப்பட்டவற்றில் மட்டும், கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைதான். பெயரில்லாத பொடியைச் சந்தையில் வாங்காதீர்கள். 2024 பிப்ரவரியில் ரோடமைன் பி என்ற துணிச்சாயம் கண்டுபிடிக்கப்பட்டுத்தான் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் தடைக்கு உள்ளானது.

இது யாருக்கு நல்லது: சொந்த வீடு இருப்பவருக்கு. வாரம் தவறாமல் ஒன்றிரண்டு கடைகளுக்குக் கொடுப்பவருக்கு. வீட்டில் அசைவம் சமைக்கிறார்கள், ஆனால் முட்டையில்லாத சுத்த சைவக் கேக் என்று சொல்லி விற்க வேண்டியிருக்கிறது என்பவருக்கு இது கிட்டத்தட்ட கட்டாயம்.

## வழி மூன்று: வெளியே வாடகை இடம்

கடையோ, கிளவுட் கிச்சனில் (டெலிவரிக்கென்றே சமைக்கும் இடத்தில்) ஒரு பங்கோ, பேப்பர் வேலை இங்கேதான் தெளிவாக இருக்கும். வணிக இணைப்பு, வணிகச் சிலிண்டர், தொழில் உரிமம் என்று எல்லாம் நேர்கோட்டில் போகும், இதுவா அதுவா என்ற குழப்பம் கிடையாது. டெலிவரி ஆப்களில் இறங்குவதற்கும் தோதான இடம்.

கணக்கு மட்டும் கடுமை. வாடகை 15,000, கரண்டும் மற்ற செலவும் 5,000, உதவியாள் 10,000 என்று வைத்துப் பாருங்கள். பொருள், பெட்டி, டெலிவரி போக கிலோவுக்கு 400 ரூபாய் நிற்கிறது என்றால், மாதம் 75 கிலோ விற்றால்தான் பூஜ்யத்தையே தொடுவீர்கள். ஆப்புக்காரர்களின் கமிஷன் போனால் அந்த 400 நிற்காது, கிலோக் கணக்கு இன்னும் ஏறும். கடைக்குப் பத்து மாத வாடகை வரை அட்வான்ஸ் கேட்பது சென்னையில் பழகிப்போன வழக்கம். சுவருக்கு டைல்ஸ், புகைபோக்கி, பெயர்ப் பலகை என்று உள்ளே போட்டது எதுவும் காலி செய்யும்போது திரும்பி வராது.

பங்கு கிச்சன் எடுப்பவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்து முதலாளியின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணை உங்கள் பெட்டியில் ஒட்ட முடியாது. பதிவும் உரிமமும் இடத்தையும் தொழில் செய்பவரையும் சேர்த்துத் தருவது. அந்த முகவரிக்கு உங்கள் பெயரில் தனி எண் வாங்க வேண்டும். "எல்லாம் எங்களிடம் இருக்கிறது, நீங்கள் வந்து சுட்டால் போதும்" என்று சொல்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இது யாருக்கு நல்லது: மாதக் கணக்கில் ஆர்டரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பவருக்கு. தெருவில் போகிறவர் உள்ளே வந்து வாங்க வேண்டும் என்ற மாதிரிப் பண்டம் செய்பவருக்கு. வீட்டில் இடமோ சம்மதமோ இல்லாதவருக்கும்தான். அவர்கள் முழுக் கடைக்குப் போகாமல் மணிக்கணக்கில் கிடைக்கும் கிச்சனில் தொடங்கலாம்.

## வரி எங்கே குறுக்கே வரும்

மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அதனால் வீட்டிலிருந்து செய்பவர்கள் இதை மறந்தே போகிறார்கள். வெளி மாநிலத்துக்கு விற்றால் இந்த 40 லட்ச வரம்பு கிடையாது, முதல் பெட்டிக்கே பதிவு வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு, கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு என்றால் எல்லோருக்கும் புரியும். கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் புதுச்சேரிக்குப் போகும் கேக்கும் அப்படித்தான். சின்னப் பஸ் தூரமாக இருக்கலாம், வரிக்கு அது வேறு ஆட்சிப் பகுதி. அங்கே ஒரு கஃபேயோடு பேசும் முன் இதைக் கணக்கில் வையுங்கள்.

பதிவு எடுத்தாலும் சுமை முன்போல் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன. பிரெட்டுக்கு வரியே இல்லை. ஆன்லைன் தளம் வழியாக விற்றால் முன்பு எல்லோரும் பதிவு எடுக்க வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறியவர்களுக்கு அதில் தளர்வு உண்டு, ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டால் போதும்.

## அப்படியானால் எதை எடுப்பது

வாடகை பிளாட்டில் இருக்கிறீர்கள், வாரம் நாலைந்து கேக் என்றால் வழி ஒன்று. பதிவு, வீட்டுக்காரர் கடிதம், தனி ஃப்ரிட்ஜ். வேறெதற்கும் பணம் போடாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக்கோடு வீட்டு ஒயினும் கேட்பார்கள். அதை மட்டும் விற்காதீர்கள், மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சொந்த வீடு, இரண்டு கடை கேட்கிறது என்றால் யோசிக்காமல் வழி இரண்டு. கடன் வாங்கியாவது கடை போடலாமா என்று நினைப்பவர்கள், அந்தக் கடனில் கால்வாசியை அறைக்குச் செலவழித்து ஒரு தீபாவளி, ஒரு கிறிஸ்துமஸ் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யட்டும்.

வழி மூன்றுக்குப் போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அங்கே போன முதல் மாதம் வாங்கப்போகிறவர்களில் எத்தனை பேரை உங்களுக்கு இப்போதே பெயரோடு தெரியும்? பட்டியல் எழுத முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் அந்தப் பட்டியல் எழுதும்வரை வீட்டிலேயே இருங்கள்.

இடம் மாறும்போது வரிசை முக்கியம். பழைய முகவரியின் பதிவு புது இடத்துக்குச் செல்லாது. புது முகவரிக்கு விண்ணப்பித்து எண் கைக்கு வந்தபின் அங்கே முதல் டிரேயைப் போடுங்கள். பழைய எண் அச்சடித்த பெட்டிகள் மிச்சம் இருக்கும், அவற்றை அங்கே எடுத்துப்போகாதீர்கள். மாறுவதாகத் தீர்மானித்த மாதத்திலிருந்தே பெட்டியை எண் இல்லாமல் அடித்து, எண்ணை ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டால் ஒரு பெட்டிகூட வீணாகாது.